நாலு விரல், ஒரு கட்டைவிரல்

டாக்டர் என் மனைவியின் இடக்கையில் சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தியபோது, என் நாக்கு முன்பல் இருந்த ஓட்டையைத் துழாவிக்கொண்டிருந்தது. பின்னால் மச்சான் கைகட்டி நின்றான். அந்தப் பல்லைக் கழற்றியவன்.

மச்சானுக்கு டிங்கரிங் பட்டறை. நெளிசலைத் தடவிப் பார்த்தே எந்த வண்டி எந்தப் பக்கம் இடித்தது என்று சொல்லிவிடுவான். நாலு நாளைக்கு முன் வீட்டுக்கு வந்தவன் கண்ணில் தங்கையின் கைச் சிவப்பு பட்டது.

"நாலு விரலு இந்தப் பக்கம், கட்டவிரலு அந்தப் பக்கம். புடிச்சு முறுக்கியிருக்கான். இவன்தானே?"

அவள் தலை குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், குத்து விழுந்தது. இன்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷன் போவதாக ஏற்பாடு. நானும் வருவேன் என்று அடம்பிடித்து வந்திருந்தேன்.

"இங்க பாருங்க," என்றார் டாக்டர். கண்ணாடிக்கு அடியில் சிவப்பு வெளுத்துப்போனது. எடுத்ததும் மெல்ல ஊறி வந்தது. லென்ஸை வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். "அடிபட்ட ரத்தக்கட்டுன்னா அழுத்தினா மறையாது. இது தோல்ல இருக்கற பொடி ரத்தக்குழாய்ங்க விரிஞ்சிருக்கு. உடம்புல ஒரு பக்கம் மட்டும் வரும். அபூர்வம்தான், ஆனா ஒரு ஆபத்தும் இல்ல. யாரும் அடிச்சு வந்ததில்ல."

மச்சானின் முகம் இடிவாங்கிய கார் பானெட் மாதிரி ஆனது.

"மாப்ள... தெரியாம..."

"பரவால்ல மச்சான். பல்லையும் தட்டி நிமித்திக் குடுத்துடு."

அவன் வண்டி எடுத்துவர வெளியே ஓடினான். வராந்தா பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும். ஜெயித்தவன் நான், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

பெஞ்சின் இரும்புக் கைப்பிடியில் இடக்கையை ஊன்றியபடி அவள் தரையைப் பார்த்தாள்.

"மூணு மாசமா இருக்கு. இது என்னன்னு ஒருநா கேட்டீங்களா? போட்டோ ஸ்டுடியோல ஊரார் மூஞ்சில மருவத் தேடித் தேடி அழிக்கிறீங்க. அண்ணன் வந்து அஞ்சு நிமிஷத்துல கேட்டுச்சு."

"அதுக்காக?"

"யாராவது கேட்டாங்களேன்னு இருந்துச்சு. அதுக்கு மேல பேச்சு வரல."

வாசலில் ஹாரன் அடித்தது. அவள் எழுந்தாள். கைப்பிடி அழுத்திய இடத்தில், சிவப்புக்கு நடுவே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு பக்கமும் சுருங்கி, நிரம்பி, இல்லாமல் போனது.