ஆயுத பூஜைக்கு எந்தக் கெர்னல்

பழைய கெர்னலா, புதிய கெர்னலா என்று அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். முடிவெடுக்க வேண்டிய ஜெயப்ரியா காலையிலிருந்து காபியாகக் குடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஓசூர் சிப்காட் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன அலுவலகம் பட்டறை மெஷின்களுக்கென்றே ஒரு லினக்ஸ் இயங்குதளம் தயாரித்து வந்தது. அதன் புதுப் பதிப்பை நினைத்த நேரத்தில் வெளியிட முடியாது. இந்தப் பக்கத்துப் பட்டறைகள் மெஷினை அணைப்பதே ஆயுத பூஜைக்குத்தான். அன்று ஏற்றினால் உண்டு, விட்டால் அடுத்த வருஷம். மெஷினின் இரும்பையும் அதன்மேல் ஓடும் நிரல்களையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் அடிப்பாகம்தான் கெர்னல். பழையது பழகின உழவு மாடு, முரண்டு பிடிக்காது. ஆனால் அவளோடு வேலை பார்க்கும் ராஜேஷ்குமார் எழுதிய, சென்சாரைக் கெர்னலோடு இணைக்கும் டிரைவர் நிரல் புதியதில்தான் இருந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற கெர்னல் ஆட்கள் அலசிப் பார்த்து ஏற்றுக்கொண்ட வேலை அது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அப்பா மாரிமுத்துவுக்கு, மகன் எழுதியது ஓடுவதைப் பார்க்க பூஜைக்கு வரச்சொல்லி பஸ் டிக்கெட்டும் போட்டாயிற்று.

போன வாரம் உத்தனப்பள்ளி ரோட்டுப் பட்டறையில் புதியதைச் சோதித்தபோதுதான் அது நடந்தது. தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ்ஸை ஓட்டும் மாதேஸ்வரி தகட்டை வைக்கக் கையை நீட்டினாள். திரை ‘நின்றது’ என்று காட்டிக்கொண்டே இருக்க, பிரஸ் இறங்கியது. எப்படியோ கையை இழுத்துக்கொண்டாள். இழுத்தவள் சிரித்தாள், ஜெயப்ரியாதான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். அதன்பிறகு ஆள் வைக்காமல் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தும் அது திரும்ப வரவில்லை, காரணமும் பிடிபடவில்லை. பழையதில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

“ஒரே ஒரு தடவதானக்கா,” என்றான் ராஜேஷ்குமார்.

“ஏன் ஆச்சுன்னு தெரிஞ்சிருந்தா பரவால்லப்பா.”

“என் டிரைவரால இல்லக்கா.”

“ஒன்னாலன்னு யாரு சொன்னா? அத பழசுக்கு ஏத்தாப்புல மாத்தி எழுத முடியுமா?”

“ஒரு மாசமாவது வேணும்க்கா. அதுக்குள்ள பூஜ முடிஞ்சிரும்.”

பழையதே போகட்டும் என்றாள். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பாவம், சண்டை போட்டிருந்தாலாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “சரிக்கா” என்று சொல்லிவிட்டு, அவனே உட்கார்ந்து பழைய கெர்னலை வைத்துப் பதிப்பை முடித்துக் கொடுத்தான்.

பூஜையன்று காலையில் அதை ஏற்றிச் சரிபார்த்து, மெஷினை அணைத்தார்கள். புது வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்த மாரிமுத்து, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் பிரஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இதுல நீ எழுதுனது எதுய்யா?” என்று மகனைக் கேட்டார்.

ஜெயப்ரியா, தானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் மாதேஸ்வரி சந்தனக் கிண்ணத்தோடு வந்து மெஷினின் வெளிப்புறமெல்லாம் பொட்டு வைத்தாள். பிறகு கையை முழங்கை வரை உள்ளே விட்டு, தினமும் தகடு வைக்கிற இடத்திலும் ஒரு பொட்டு வைத்தாள்.

கரண்டே இல்லாத மெஷின். ஆனாலும் அந்தக் கை வெளியே வரும்வரை ராஜேஷ்குமார் அப்பா பக்கம் திரும்பவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.