நீக்கிய மரபணு

மூன்றாவது முறை சோதித்தபோதும் அந்த மரபணு பாக்டீரியாவுக்குள் அங்கேயேதான் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் அவள் தன் கையாலேயே நீக்கியது. பாக்டீரியாவின் டி.என்.ஏ. அதன் உடம்பைப் போல ஆயிரம் மடங்கு நீளம். அதைச் சுருட்டி மடித்து, செல் பிரியும்போது இரண்டுக்கும் சமமாகப் பிரித்துவிடுவது அந்த மரபணு உண்டாக்கும் ஒரு புரதம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அது இல்லாமலும் டி.என்.ஏ. கலையாது என்று காட்டியவள் அவள். கட்டுரை வந்தது, பேர் வந்தது, அடுத்த வாரம் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. அந்த நேரத்தில்தான் வேறொரு ஆய்வகத்தார், நீங்கள் அனுப்பிய பாக்டீரியாவில் மரபணு அப்படியே இருக்கிறதே என்று தயங்கித் தயங்கி எழுதினார்கள். என்றோ ஒருநாள் மரபணு நீக்காத பாக்டீரியா ஒரு துளி கலந்து, மளமளவென்று பெருகி, மற்றதைத் தின்று ஏப்பம் விட்டிருக்கிறது. நுண்ணோக்கியில் அவள் படமெடுத்ததெல்லாம் புரதம் உள்ள செல்களை.

அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் கதவைச் சாத்தினார். அவருக்கும் பதவி நீட்டிப்பு அந்தரத்தில் தொங்கியது. முதலில் தேர்வு முடியட்டும் என்றார்.

"அனுப்பின சோதனைக் குழாய் மாறிப் போச்சுன்னு அவங்களுக்கு ஒரு வரி எழுதிடலாம்மா."

மாடிப்படியில் உட்கார்ந்து கணவனுக்குப் போன் செய்தாள். அவள் படிப்புக்காக வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவன். கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம் சட்டென்று நின்றது.

"அப்ப நாலு வருஷமும் பொய்யா?"

"பொய் இல்லைங்க. தப்பு."

"ரெண்டுக்கும் ஊர்ல ஒரே பேருதான்," என்றான். குழந்தை சாப்பிடுகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

மேலே போய், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்கு நான்கே வரியில் எழுதி, பேராசிரியருக்கும் நகல் வைத்து அனுப்பினாள். அடுத்த நிமிடமே போன் அதிர ஆரம்பித்தது. எடுக்கவில்லை.

கலப்பதற்கு முன்பே, முதல் வருடம் உறையவைத்த பாக்டீரியாக் குழாயிலிருந்து, கடிதம் வந்த அன்றே கொஞ்சம் எடுத்து இளஞ்சூட்டில் வளர்த்திருந்தாள். இதில் மரபணு நிஜமாகவே இல்லை. டி.என்.ஏ.வுக்கு நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தாள். சில செல்களில் நீலம் சிக்குப்பிடித்துச் சிதறிக் கிடந்தது. ஓரத்தில் ஒரு செல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. நீலம் மொத்தமும் ஒரு பாதியில் குவிந்திருக்க, மறுபாதி வெறும் சுவராக, உள்ளே ஒன்றுமில்லாமல், மெல்ல விலகியது.