இராஜரட்ணத்தாரின் வீடு பிக்கரிங் போன கோடை

இராஜரட்ணத்தாரின் வீடு ரூஜ் என்ற புறநகர்ப் பகுதியை விட்டு நகரத் தொடங்கியது யூன் பத்தொன்பதாம் திகதி. முதல் நாள் ஏழு அடி போனது. முன்வீட்டு பேர்ணடெற் அன்ரி அளவுநாடா கொண்டுபோய் இரண்டு தரம் அளந்தவர். அடுத்த வீட்டு விஷயத்தில் அவர் அரை அங்குலமும் பிழை விடுகிற ஆளில்லை. அந்தக் கோடை கோடையாக வரவே இல்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பிள்ளைகள் குளிர்ச்சட்டையோடு திரிந்தார்கள். யூலையில் பதினொரு பாகை. பின்வளவுகளில் நட்ட பயற்றங்கொடிகள் முழங்கால் உயரத்தில் நின்று யோசித்தன; மழை மட்டும் ஒரு நாளும் லீவு எடுக்காமல் வேலைக்கு வந்தது. நிலம் ஊறிக் களியாகிவிட்டதால் வீடு வழுக்குகிறது என்று பார்க்க வந்த அதிகாரி சொன்னார், ஓர் அறிவித்தல் துண்டைக் கதவில் ஒட்டினார், போய்விட்டார். வழுக்குகிற வீடு பள்ளத்துக்கல்லவா போகவேண்டும்? இது மேட்டிலும் ஏறியது. கோடு கீறியதுபோல நேரே கிழக்கே, அடுத்த நகரமான பிக்கரிங் பக்கம். அங்கே யார் இருக்கிறார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

இருப்பது அவருடைய ஒரே மகள் சுபாங்கி. மூன்று வருடங்களுக்கு முன் அவளும் புருஷன் மிதுசனும் அங்கே புதுவீடு வாங்கியபோது, குடிபூரல் அழைப்பை எண்பத்தாறு சொந்தக்காரர் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் போட்டாள். தகப்பன் அதை எண்பத்தாறில் ஒருவராக, வேலைத்தலத்துச் சாப்பாட்டு மேசையில், யாரோ அனுப்பிய கத்தரிக்காய் மலிவுவிற்பனை விளம்பரத்துக்குக் கீழே வாசித்தார். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஓர் அறையில் ஐந்து பேரோடு கிடந்த காலத்திலும், தன்னுடைய கலியாணத்துக்குப் பனிக்குள் நடந்து மாடி மாடியாக ஏறிக் கார்ட் வைத்துச் சொன்ன மனிதர் அவர். கையில் கார்ட் தந்து வாயால் அழைக்காத வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்றுவிட்டார். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. “கார்ட் வைக்கிறது வெளியாக்களுக்கு. அப்பா எனக்கு வெளியாளே?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், ஆனால் அதைத் தாயிடம் கேட்டாளே ஒழியத் தகப்பனிடம் கேட்கவில்லை. அவர் வராமல் தானும் தகப்பன் வீட்டுக்குப் போவதில்லை என்று அவளும் நின்றாள். இதற்கிடையில் பேத்தி பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் பழகிவிட்டாள். தாய் ரதி இரண்டு பக்கமும் போய்வந்தார். இராஜரட்ணத்தார் பேத்தியை ரதியின் போனில் பார்த்தார், அதுவும் பார்க்காததுபோல.

வீடு இப்படித் தன்னைக் கேளாமல் போவதை அவர் சும்மா விடவில்லை. நைலோன் கயிற்றால் மேப்பிள் மரத்தில் கட்டினார். அடுத்த நாள் மரமும் கூடவே கிளம்பியது. யூலை பிறக்க வீடு நாளுக்கு ஒரு தெரு போனது. காலையில் விட்ட இடத்தில் பின்னேரம் இருக்காது. தேடிப் பிடித்து, தான் சொல்லித்தான் அது போகிறது என்ற முகத்தோடு கதவைத் திறந்து உள்ளே போவார். இடையில் கிடந்த ஆற்றை ஒரு சனிக்கிழமைப் பகலில் கடந்தது. ரதி அடுப்பை நிற்பாட்டவில்லை. மீன்குழம்பு ஒரு சொட்டும் சிந்தவில்லை. மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் இழுபட்டு நீண்டுகொண்டே பின்னால் வந்தன. ஓகஸ்ட் பத்தாம் திகதி, சுபாங்கியின் வீட்டுக்குப் பக்கத்தில் கட்டாமல் கிடந்த வெறுங்காணியில், அடுப்படி யன்னலுக்கு நேரே அடுப்படி யன்னல் வர, வீடு நின்றது.

ஒன்பது நாள் இரண்டு வீடும் பேசவில்லை. சின்னவள் கதிரையில் ஏறி, கண்ணாடியில் மூக்கை அமத்தி அவரைப் பார்ப்பாள். அவர் திரையை இழுக்கவும் இல்லை, கை காட்டவும் இல்லை. போனால் மூன்று வருடமும் தண்டமாகிவிடும். போகாவிட்டால் அந்தப் பிள்ளை அவரைப் பக்கத்து வீட்டுக் கிழவன் என்றே பழகிவிடும். தேத்தண்ணி ஆறுவதுதான் மிச்சம்.

பத்தாம் நாள் ரதி சாதாரணமாகச் சொன்னார். “இஞ்சருங்கோ, புது நிலத்திலை வந்து நிக்கிறம். பால் காய்ச்சாமல் இத்தினை நாள் இருக்கிறது சரியே?”

இராஜரட்ணத்தார் கோப்பையை வைத்தார். பால் காய்ச்சினால் அது குடிபூரல். குடிபூரலென்றால் அயலைக் கூப்பிடவேண்டும். கூப்பிடுவதென்றால் வீடு வீடாகப் போகவேண்டும். அழைக்கப் போகிறவனை யாரும் முதலில் அழைத்திருக்கத் தேவையில்லை. அது உலகத்து ஒழுங்கு. ரதி இதை எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தார் என்று அவர் கேட்கவில்லை.

தங்க எழுத்தில் கார்ட் அடித்தாயிற்று. வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை, ஒரு கையில் குடை, மறு கையில் குங்குமமும் சந்தனமும் வைத்த தட்டு. மூலை வீட்டுச் சீனக் குடும்பத்தில் தொடங்கி ஏழு வீட்டுக்கும் முறையாகச் சொல்லி முடித்து, எட்டாவதாகவே மகளின் மணியை அடித்தார். அவள் கதவைத் திறந்தாள். “சீரியஸா அப்பா” என்று தொடங்கியவள், தட்டைக் கண்டு ஈரக்கையைச் சட்டையில் துடைத்தாள்.

“பிள்ளை, நாங்கள் பக்கத்து வளவுக்குப் புதிசா வந்திருக்கிறம். வாற ஞாயிறு பால் காய்ச்சுறம். நீங்கள் குடும்பத்தோடை வரோணும்.”

சுபாங்கி கார்ட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். முழுவதையும், அச்சகத்தின் பெயர் வரைக்கும், வாசித்தாள்.

“ஓம், கட்டாயம் வாறம்,” என்றாள். “கார்ட் கொண்டு வந்த ஆக்கள் தேத்தண்ணி குடிக்காமல் போறேல்லை. உள்ளை வாங்கோ.”

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வீட்டுக்கு அழைப்பு இப்படித்தான் சொல்வது என்று மிதுசனுக்குக் கேட்கிறமாதிரிச் சொல்லிக்கொண்டே அவர் படியைத் தாண்டினார். சின்னவள் ஓடிவந்து குடையைப் பறித்துக்கொண்டாள்.

ஞாயிறன்று பால் நன்றாகப் பொங்கியது. வீடு அதன்பிறகு அசையவில்லை. தபால்காரர் புது இலக்கத்தைப் பழகிவிட்டார். குப்பை வண்டி செவ்வாயில் வருகிறது. மகளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று வீட்டைத் தான்தான் கொண்டுவந்ததாக இராஜரட்ணத்தார் கோயிலில் சொல்லித் திரிகிறார். இப்போது இரண்டு இடத்தில், தங்கள் வீட்டையும் கொஞ்சம் நகர்த்தித் தர முடியுமா என்று அவரைக் கேட்டிருக்கிறார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.