நல்ல நேரத்துக் கீட்டோன்

எங்கள் பேராசிரியர் ரமணய்யாவுக்கு வேதியியலில் நம்பிக்கை உண்டு. பஞ்சாங்கத்தில் அதைவிட அதிகம். ராஜமுந்திரியில் எங்கள் ஆய்வகத்தில் வர்ஜ்யம் என்கிற கெட்ட நேரம் கழியாமல் ஒரு ஹீட்டரும் சூடாகாது.

என்னோடு ஆய்வு செய்த ஹைமாவதி ஓர் ஆல்கஹாலைக் கீட்டோனாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். கீட்டோன் உருவாகியிருந்தால், சோதனைத் திரவத்தை விட்டதும் ஆரஞ்சுப் படிகம் இறங்கும். அவளுக்கு இறங்கவேயில்லை.

"ஆல்கஹால் அப்படியே இருக்கு சார். வேற ஆக்சிடைசர் போட்டுப் பாக்கறேன்."

"உன் கைராசி அப்படிம்மா. வீட்டுல பாத்திருக்கற காக்கிநாடா மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிட்டுக் கிளம்பு. உங்க அப்பாகிட்ட நானே பேசறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் ஆய்வேட்டிலும் அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும்.

மறுநாள் அவரே அங்கியை மாட்டினார். நல்ல நேரம் முடியப்போகிறது. கழுவிய குடுவையோ ஈரம். ஓவனில் காயவைக்கப் பொறுமை இல்லை. சட்டென்று உலர அசிட்டோனை ஊற்றிக் குலுக்கினார், கவிழ்த்து உதறினார், ஹைமாவின் திரவத்தை விட்டார். மேலே சோதனைத் திரவம் விழுந்ததும் படிகம் கொட்டியது.

"பாத்தியா? கைன்னா இது!"

மதியத்துக்குள் பூதரேக்குலு இனிப்பு வந்துவிட்டது. புதிய கீட்டோன் என்று கருத்தரங்கையும் அறிவித்துவிட்டார். கட்டுரையில் அவர் பெயர் மட்டும்தான்.

ஹைமா இனிப்பைத் தொடவில்லை. படிகத்தில் துளி எடுத்து உருகுநிலை பார்த்தாள். நூற்று இருபத்தாறு டிகிரி.

"அண்ணய்யா, இது அசிட்டோனோட படிகம்" என்றாள் என்னிடம். "குடுவையைக் கழுவினதே ஒரு கீட்டோன்தானே!"

"சார்கிட்ட சொல்லேன்."

"சொன்னேன். கைராசி இல்லாதவ பொறாமைப்படக் கூடாதாம்."

கருத்தரங்குக்கு வால்டேர் பல்கலைக்கழகத்திலிருந்து, எங்கள் ஆய்வேடுகளை மதிப்பிடும் தேர்வாளர் அம்மா ஒருவர் வந்திருந்தார். "செஞ்சு காட்டுங்களேன், பாக்கலாம்" என்றார் அவர்.

"பேஷா!" என்றார் ரமணய்யா.

ஹைமா ஒரு குடுவையை அசிட்டோனால் அலசி, பணிவாக நீட்டினாள். அவர் சோதனைத் திரவத்தை விட்டார். ஆரஞ்சுப் படிகம் இறங்கியது. கைத்தட்டல் அடங்கும்வரை ஹைமா காத்திருந்தாள்.

"சார், அதுல நான் இன்னும் ஒண்ணுமே போடலையே."

தேர்வாளர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப வந்ததெல்லாம் அசிட்டோனா? உன் ஆல்கஹாலுக்கு என்னம்மா வழி?"

"வேற ஆக்சிடைசர் வேணும் மேடம். அனுமதி கிடைக்கலை."

"கிடைச்சாச்சு. நீயே முடி."

ரமணய்யா அசரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "தப்பு நம்மளுது இல்ல. இப்போ வர்ஜ்யம். இந்த நேரத்துல எதைத் தொட்டாலும் இப்படித்தான்."

"ஆமாம் சார்" என்றாள் ஹைமா. நேராகத் தன் மேசைக்குப் போய் ஹீட்டரைப் போட்டாள்.