மச்சாளின் விரல்

சுனாமி வந்த அடுத்த சித்திரையில், மாங்கேணி முகாமில் கேதீஸ்வரிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. கதிரவெளியில் வீடு, தோணி, வலை எல்லாவற்றையும் கடல் தின்றுவிட்டிருந்தது. அதற்குப் பிறகு அவளுக்கென்று புதிதாய்க் கிடைத்தது அவன் ஒருவன்தான். அவனோ பொழுதுபட்டால் வீரிட்டு அழுவான். பால் கொடுத்தாலும் ஓயமாட்டான், தோளில் போட்டு நடந்தாலும் ஓயமாட்டான். பக்கத்துக் கூடாரத்திலிருந்து அவள் மச்சாள், புருஷனின் அக்கா சின்னத்தங்கம் வருவாள். பிள்ளையை வாங்கி, காதின் மேற்குழியில் விரல் நுனியை வைத்து மெல்ல அமத்துவாள். அழுகை விம்மலாகி, கண் சொருகிவிடும்.

"சின்னத்தங்கத்துக்குக் கைராசி" என்று முகாமே சொன்னது.

கேதீஸ்வரிக்கு வயிறு எரிந்தது. பெற்றது நான், பால் கொடுப்பது நான், உறங்குவது மட்டும் அவள் மடியிலா? மச்சாளின் கைக்குழந்தையைக் கடல் கொண்டுபோனதை அவள் மறந்துவிடவில்லை. அதை நினைக்கத்தான் பயம் இன்னும் கூடியது. வெறும் மடி, என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டால்?

ஒருநாள் வாசலை மறித்து நின்றாள்.

"வேணாம் மச்சாள். நானே பாத்துக்குவன்."

சின்னத்தங்கம் திரும்பிப் போனாள்.

கேதீஸ்வரி தானே காதைப் பிடித்து அமத்திப் பார்த்தாள். பிள்ளை இன்னும் கத்தினான். காது சிவந்து போனது.

"அக்காவக் கூப்பிடுவமே" என்றான் அவள் புருஷன் உதயரூபன்.

அவள் அவனை முறைத்தாள். கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானே மச்சாளிடம் போனாள்.

"எந்த இடம் எண்டு காட்டித் தாங்க."

சிவந்த காதை மச்சாள் பார்த்தாள். ஏசவில்லை. கேதீஸ்வரியின் விரலைப் பிடித்து அந்தக் குழியில் வைத்தாள்.

"இவ்வளவு அமத்தப்படாது. ஈ குந்தினாப்போல இருந்தாக் காணும்."

"ஆரு படிப்பிச்ச?"

"காதில மெல்லிய ஊசி குத்தி வைத்தியம் செய்யிற டொக்டர் ஒராள் கொழும்பிலருந்து முகாமுக்கு வந்தாரெல்லா. நித்திரை இல்லாமக் கிடந்த எனக்கு இந்த இடத்திலதான் போட்டவர். பச்சப் புள்ளைக்கும் செய்யலாமா எண்டு கேட்டன். ஊசி வேணாம், விரலே போதும் எண்டார்."

"நீங்க ஏன் புள்ளைக்குக் கேட்டீங்க?"

"அப்ப நீ வயித்தோட இருந்தாய்தானே" என்றாள் சின்னத்தங்கம்.

கேதீஸ்வரியின் விரலுக்குக் கீழேயே பிள்ளை உறங்கிப்போனான். வென்றுவிட்ட சந்தோஷத்தில் அவனை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் பொழுதுபட அவன் அழுதான். விரலை வைத்தாள். அழுகை இறங்கத் தொடங்கியது. பக்கத்துக் கூடாரத்தில் சின்னத்தங்கம் பாதி எழும்பி, பிறகு எதையோ நினைத்தவள்போலத் திரும்ப உட்காருவது தெரிந்தது. கேதீஸ்வரி விரலை எடுத்தாள். பிள்ளை மறுபடி வீரிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு போய் நீட்டினாள்.

"எனக்கு வரல்ல மச்சாள். நீங்களே பாருங்க."

சின்னத்தங்கம் இரண்டு கையாலும் வாங்கினாள். அவள் மடியில் பிள்ளை அடங்கினான். கேதீஸ்வரிக்கு வயிறு முன்போலவே எரிந்தது. எழும்பிப் போகாமல், அவனைத் திருப்பி வாங்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தாள்.