அழாத பிள்ளைகள்

"அந்தப் புள்ளைய அடக்குறியா, இல்ல நீயும் சேந்து வெளிய போறியா?"

"பசிக்குது சாமி, அதான்..."

"நேத்துவரைக்கும் பசிக்கலையா?"

"நேத்துவரைக்கும் பசிக்கவே வுடல நானு!"

கான்ட்ராக்டர் குரலும் சம்பங்கியின் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இன்னும் சரியாக விடியவில்லை. பேரிகை ஊருக்குப் போகும் சாலைக்கு ஜல்லி உடைக்கிற இடத்தில் சுத்தியல்கள் அதற்குள் விழத் தொடங்கியிருந்தன. கல்தூசி பனியோடு கலந்து தொண்டையில் ஒட்டியது. புங்கமரக் கிளைகளில் வரிசையாகத் தூளிகள். சம்பங்கியின் தூளி மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது.

ஜல்லிக்காட்டுப் பிள்ளைகள் அழாது என்று ஊரில் பெயர். "தங்கமான புள்ளைங்க, பால்கூட கேக்காது" என்று தாய்மார்களே பெருமை பேசுவார்கள். விடிந்ததும் கடுகளவு அபினைப் பாலில் குழைத்து நாக்கில் தடவிவிட்டால் சாயங்காலம்வரை சத்தமில்லை. அபின் கொடுப்பவன் கான்ட்ராக்டர் திம்மப்பன். அதற்கு மட்டும் அவன் காசு கேட்டதில்லை.

நேற்று சுகாதார நிலையத்து நர்சம்மா பால்மாவு கரைத்து எடுத்துவந்தாள். ஒவ்வொரு தூளியாகக் குனிந்து ஊட்டினாள். ஊட்டியது கடைவாய் வழியே கழுத்தில் ஓடியது. ஒரு பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். வயிறு ஒட்டி, தொடைத்தோல் மடிந்து தொங்கியது.

"என்னம்மா குடுக்கறீங்க இதுங்களுக்கு?"

பெண்கள் இன்னும் வேகமாகக் கல்லை உடைத்தார்கள். சம்பங்கியும்தான்.

"மயங்கிக் கெடக்குற புள்ள எப்படிக் குடிக்கும்? பசியையே கொன்னுட்டீங்களே! நிறுத்துங்க. ரெண்டு நாள் துடிக்கும், நான் வந்து பாத்துக்கறேன். நடுவுல நடுவுல எடுத்துப் பால் குடுங்க."

நடுவில் எழுந்தால் கூலி போய்விடும் என்று அவளிடம் சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. அதைச் சொன்னால் தடவியது யார் கை என்பதையும் சொல்லவேண்டியிருக்கும்.

நேற்று ராத்திரி தடவாமல் விட்டவள் சம்பங்கி மட்டும்தான். இப்போது திம்மப்பன் அவளிடம் கறுப்பு அபின் உருண்டையை நீட்டினான்.

"இந்தா. தடவிட்டு வந்து கல்லப் பாரு."

"வேணாம் சாமி. பால் குடுக்க எந்திரிக்க வுடுங்க, போதும். கூலியப் புடிக்காதீங்க."

"ஒருத்திய வுட்டா அத்தன பேரும் எந்திரிப்பீங்க. ஏன்டி, நானா வந்து உம்புள்ள நாக்குல தடவுனேன்? பெத்த கையி தடவுனது. எங்க, எம்புள்ளைக்கு நான் குடுத்தேன்னு எவளாச்சும் சொல்லட்டும் பாப்போம்!"

சுத்தியல்கள் நின்றன. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

"நான் குடுத்தேன்."

ரோஷன் பீ எழுந்திருந்தாள். திம்மப்பன் பக்கம் திரும்பி மறுபடி சொன்னாள்.

"எம்மவனுக்கு நான்தான் குடுத்தேன். பேசாம கெடக்குறானேன்னு சந்தோசம் வேற பட்டேன். தூ!"

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இன்றைக்கென்று வைத்திருந்த உருண்டையைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தாள்.

"நானும்" என்றாள் மங்கம்மா.

"நானுந்தான்." முகத்தை மூடிக்கொண்டு சொன்னாள் வெங்கடம்மாள்.

ஒவ்வொரு சுத்தியலாகத் தரைக்கு வந்தது. பெண்கள் புங்கமரத்தடிக்குப் போனார்கள். ராத்திரி மயக்கம் தெளிந்து ஒரு தூளியில் பூனைக்குட்டி முனகுவதுபோல ஏதோ கேட்டது. அடுத்த தூளியில் இன்னொன்று. பிறகு மரமே அழுதது.

"சும்மாருங்க! என்னா கூத்து இது? லாரி வர்ற நேரம், புள்ளைங்கள நிறுத்தச் சொல்லுங்க!" கத்தினான் திம்மப்பன்.

பிள்ளையை மார்போடு சேர்த்தபடி சம்பங்கி நிமிர்ந்தாள். முகத்தில் அவமானம் இன்னும் காயவில்லை.

"இத்தன நாளும் நாங்க அதுங்க வாயப் பொத்துனோம் சாமி. இப்ப அதுங்களே கேக்குதுங்க. நீங்களே பதில் சொல்லுங்க."