ஐஸ் தொழிற்சாலைக் குளத்துக்கு எந்த இடம்

மார்ச் 9, திங்கள்

ஒரு சிறு தவறு செய்திருக்கிறேன். பெரிய தவறா என்று இன்னும் தெரியாததால் சிறியது என்றே எழுதி வைக்கிறேன்.

போன வியாழக்கிழமை முற்பகல், கடல் வற்றியிருந்த நேரத்தில், பெரிய சேற்றுவெளியில் எங்கள் அலுவலக ஆட்கள் வழக்கம்போல் பறவைகளை எண்ணினோம். மூக்கன் என்ற நீள அலகுக் கரைப்பறவைக் கூட்டத்தில் ஒன்றின் காலில் பச்சைப் பட்டை, அதில் ‘கே ஏழு’ என்று எழுதியிருந்தது. எங்கோ தொலைவில் யாரோ பிடித்து, பட்டை மாட்டி, பறக்கவிட்ட பறவை. அன்று மாலை புள்ளியியல் வகுப்புக்குப் போக ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் பஸ்ஸுக்காக நின்றேன். நிறுத்தத்தை ஒட்டிய குளத்தில் ஒரு மூக்கன் கூட்டம் ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது. அதிலும் ஒரு பச்சைப் பட்டை. தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். கே ஏழு.

இரண்டையும் கணினியில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை சரிபார்த்தபோது, ஒரே நாளில் ஒரே பறவை இரண்டு இடத்தில் இருப்பது உறுத்தியது. நான்தான் தப்பாகப் படித்திருப்பேன் என்று முடிவுகட்டிக் குளத்துப் பதிவை அழித்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

இரவு சாப்பிடும்போது தங்கையிடம் சொன்னேன்.

“பறவைக்கு ரெக்க எதுக்கு இருக்குனு நெனச்ச? அழகுக்கா?” என்றாள்.

“அப்போ நான் சரியாத்தான் படிச்சிருப்பேனா?”

“எனக்கென்ன தெரியும். வீட்டப் பூட்டிட்டு மூணு தடவ திரும்பி வந்து இழுத்துப் பாக்குற ஆளு நீ. உன் கண்ணயே நீ நம்பாட்டி வேற யாரு நம்புவா?”

மார்ச் 10, செவ்வாய்

காலையில் அலுவலகம் திறந்ததும் தராசிடம் சொல்லிவிட்டேன்.

தராசு என்பது எங்கள் திட்டத்தை நடத்தும் அக்காவுக்கு நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். தேய்ந்துவரும் கரைப்பறவைகளுக்கு எந்த இடத்தை முதலில் காப்பது என்று எடை போடுவதுதான் அவர் வேலை. ஐந்து இடங்கள் போட்டியில் இருக்கின்றன. எத்தனை பறவை வருகிறது, எவ்வளவு வேகமாகக் குறைகிறது, இடத்துக்கு ஆபத்து எவ்வளவு, நம்மால் ஆகக்கூடியது என்ன என்று பார்த்து வரிசை போடுவார். முதலில் நிற்கும் இடத்துக்கு மட்டும் இந்த வருடம் வேலியும் காவலும் கிடைக்கும். போன வாரக் கூட்டத்தில் பெரிய சேற்றுவெளிக்கு முதலிடம் என்று அவரே எழுந்து நின்று சொல்லியிருந்தார். ஐஸ் தொழிற்சாலைக் குளம் கடைசி. அதை மண் கொட்டி மூடி வண்டி நிறுத்த லாரிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அக்காவின் வரிசையைப் பார்த்து முடிவெடுக்கும் குழு நாளைக்குக் கையெழுத்துப் போட்டால் குளம் அவர்களுக்குப் போய்விடும்.

நான் சொல்லச் சொல்ல அவர் டீயைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“சாயங்காலம் எத்தன மணிக்குப் பாத்த?”

“அஞ்சு இருக்கும்க்கா. பஸ் லேட்டு.”

“அப்போ கடல் நல்லா ஏறியிருக்கும்.” கடல் ஏறி வற்றும் நேரம் காட்டும் ஓத அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது, அதைப் பார்த்தார். “நாம குளத்த எப்பவாச்சும் கடல் ஏறுன நேரத்துல எண்ணியிருக்கோமா?”

இல்லை. வற்றிய நேரத்தில்தான் சேற்றில் பறவைகள் பரவி மேயும், எண்ண வசதி. அதே சுற்றில் குளத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, காலி என்று எழுதுவோம். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். சாப்பாட்டு நேரத்தில் படுக்கையறையை எட்டிப் பார்த்து, இந்த வீட்டில் ஆளே இல்லை என்று எழுதியது போல.

“செருப்ப மாட்டு,” என்றார். “இன்னைக்கு ஏத்தம் ஒம்போது மணி வாக்குல. சாயங்கால ஏத்தத்துக்கு இருட்டிடும்.”

ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் பெரிதாக ஒன்றும் இல்லை. துருப்பிடித்த தண்ணீர்க் குழாய், உடைந்த மீன்பெட்டிகள், மதில் ஓட்டை வழியாகக் கசியும் குளிர். குளத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர். நாங்கள் போனபோது வெறுமையாகத்தான் கிடந்தது. போச்சு, இவரை வீணாக இழுத்து வந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

“அக்கா, நான் ஒருவேள...”

“வாய மூடிட்டு மேல பாரு.”

கடல் பக்கமிருந்து வந்தன. முதலில் புகை இழை போல ஒரு கோடு. அந்தக் கோடு சாய்ந்து, திரும்பி, தொழிற்சாலைக் கூரைக்கு மேல் வந்தபோது இறகுச் சத்தம் கேட்டது. சேற்றுவெளியைத் தண்ணீர் மூடியதும் நிற்க இடமில்லாமல் கிளம்பிய மூக்கன்கள். புறாவைவிடச் சற்றுப் பெரிய உடல், அதற்குப் பொருந்தாத நீள அலகு. இறங்கின, இரண்டடி நடந்தன, அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிவிட்டன. நான் பஸ்ஸில் இடம் கிடைத்ததும் தூங்குவதைவிட வேகம்.

இன்னும் சில வாரத்தில் இவை வடக்கே கிளம்பும். வழியில் இறங்காமல் நாள்கணக்கில் கடலுக்கு மேல் பறக்கும். அதற்காகத் தின்று தின்று கொழுப்புச் சேர்த்துக்கொண்டு, புறப்படும் முன் குடலையே சுருக்கிக்கொள்ளுமாம். கனமான எதையும் கொண்டுபோகக் கூடாது என்பதற்காக. வகுப்புக்குப் போகும் பையில் நான் இரண்டு குடை வைத்திருக்கிறேன்.

“தின்னா மட்டும் போதாது,” என்றார் தராசு, தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். “தின்னது உடம்புல ஒட்டணும்னா தூங்கணும். தூங்க இடமில்லாம ஏத்தம் முழுக்கப் பறந்துகிட்டே இருந்தா, தின்னதெல்லாம் அதுலயே கரைஞ்சிடும்.” பிறகு, “மூணாவது வரிசை, இடமிருந்து ரெண்டாவது. நீ படி.”

படித்தேன். ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

“கே ஏழு.”

“உறுதியா?”

எனக்கு அந்த வார்த்தை எளிதில் வருவதில்லை. “உறுதி,” என்றேன்.

அவர் மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தார். “ஒரு வீட்ட ரெண்டாப் பிரிச்சு, சமையல்கட்டுக்கு முதல் மார்க்கு, படுக்கையறைக்குக் கடைசி மார்க்கு போட்டிருக்கேன்.” பிறகு, “நீ சந்தேகப்பட்டது தப்பில்ல. சந்தேகத்த அழிச்ச பாரு, அதான் தப்பு. அடுத்த தடவ அழிக்காத. கேள்விக்குறி போட்டு வை,” என்றார். அவ்வளவுதான் திட்டு.

திரும்பும் வழியில் அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். நாளை குழுவின் பத்துப் பேர் முன்னால் தன் வரிசையைத் தானே கவிழ்க்க வேண்டும். அதற்கு என்னைக் காரணம் காட்டினால் வேலை சுலபம். நான் அவர் இடத்தில் இருந்தால் காட்டியிருப்பேனா என்று யோசித்தேன். விடையை எழுத விரும்பவில்லை.

மார்ச் 11, புதன்

கூட்டம் முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

தராசு எழுந்து, “போன வாரம் நான் சொன்ன வரிசை தப்பு. குளத்துக்கு முதல் இடம் கேக்குறேன்,” என்று ஆரம்பித்தார். முன்னுரை இல்லை, தொண்டையைச் செருமவும் இல்லை.

குழுவின் பொருளாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “போன வாரம் ஒண்ணு, இந்த வாரம் ஒண்ணு. அடுத்த வாரம் எங்க வீட்டு மொட்டமாடியா?”

“உங்க மொட்டமாடியில மூக்கன் தூங்குனா அதையும் சேத்துக்கலாம் சார்.”

சிரிப்பு அடங்கியதும் பொருளாளர் விடவில்லை. “பெரிய சேத்துவெளிய அப்போ கைகழுவிட்டீங்க?”

“இல்ல சார். அத மூட வருஷக்கணக்குல மண்ணு கொட்டணும். குளத்த மூட ஒரு வாரம் போதும். குளம் போச்சுன்னா சேத்துல சோறு இருந்தும் சாப்பிட ஆள் வராது. எது முதல்ல போகுமோ, எது போனா மத்ததும் சேந்து போகுமோ, அதுக்குத்தான் முதல் இடம்.”

“சரிம்மா, இவ்வளவு நாள் கணக்குல இது ஏன் வரல? யாரு எண்ணுனது?”

நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லிவிடலாம் என்று முழங்காலை அசைத்தேன். தராசு என் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னார்.

“எண்ணுனவங்க சரியாத்தான் எண்ணுனாங்க. வத்துன நேரத்துல மட்டும் எண்ணச் சொன்னது நான். ஏத்தத்துல குளத்தப் பாத்தது எங்க ஆபீஸ்ல இந்தப் பொண்ணு ஒருத்திதான், அதுவும் பஸ்ஸுக்கு நிக்கும்போது.”

பத்துத் தலைகள் திரும்பின. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன். பொய் ஒன்றும் இல்லை அதில். தன் பங்கை முழுக்க எடுத்துக்கொண்டு, என் பங்கில் நல்ல பாதியை மட்டும் சொன்னார். அப்படிப் பிரிக்க ஒரு தராசு வேண்டும்தான். இனி அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லலாம் என்று தோன்றியது.

குளத்துக்கு முதல் இடம் கிடைத்தது. லாரிக்காரர்களுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். பொருளாளர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார். பேனா எழுதவில்லை என்று இரண்டு முறை உதறிவிட்டுத்தான்.

வெளியே வந்ததும் நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேத்துவெளிக்கு இந்த வருஷம் காவல் கிடையாது. பசங்க மோட்டார்சைக்கிள் ஓட்டுவாங்க, பறவை மேய முடியாம எழுந்து எழுந்து உக்காரும்,” என்றார். “ஒண்ண முதல்ல வச்சா இன்னொண்ணு ரெண்டாவது ஆயிடும். அதையும் எழுதி வை.”

எழுதிவிட்டேன். அழித்த பதிவையும் திரும்ப ஏற்றிவிட்டேன், கேள்விக்குறி இல்லாமல்.

நாளை: மாலையில் கடல் வற்றி, பறவைகள் மேயப் போய், குளம் காலியானதும் வேலிக்கு இடம் குறிக்க வேண்டும். கடல் பக்கம் கம்பு நடக் கூடாது, அவை தாழ்வாக வந்து இறங்கும் வழி அது. சுண்ணாம்புப் பொடி, கயிறு, இரண்டு ஆள். வகுப்புக்கு அரை மணி தாமதமாக வருவேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.